தேநீர்ச்சாலையிற் பிறந்த கணினி

கணினியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் போர்க்களத்திலிருந்தே தொடங்குவர். பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிப்பதற்கென அமெரிக்கர் அமைத்த இயந்திரமும், பகைவரின் மறைமொழியை உடைப்பதற்கென ஆங்கிலேயர் அமைத்த இயந்திரமும் அவ்வரலாற்றில் முதலிடம் பெறுவது முறையே. ஆயினும் இன்று உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'தகவல் முறைமைகள்' என்னும் பெயரால் ஒரு தனித்துறை கற்பிக்கவும் ஆராயவும் படுகின்றது. ஓர் அலுவலகத்தினுள், ஒரு வங்கியினுள், ஒரு தபாலகத்தினுள் கணினி நுழையும்போது அங்குள்ள வேலையும், அவ்வேலையைச் செய்யும் மனிதரும், அவ்வேலைக்குரிய பொறுப்பும் எவ்வாறு மாறுகின்றன என்பதே அத்துறையார் ஆராயும் வினா. அத்துறையின் வேர்களுள் ஒன்றைத் தேடிச் செல்வோர் பீரங்கிச் சாலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. தேநீரும் பணிசும் விற்ற ஒரு கம்பெனியின் கணக்கறைக்குச் சென்றாற் போதும்.

இலண்டன் மாநகரின் மேற்குப் பாகத்தில், ஹமர்சிமித் என்னுமிடத்தில், கட்பி ஹோல் என்றொரு பெருங் கட்டடத் தொகுதி இருந்தது. அது ஜே. லயன்ஸ் கம்பெனியின் தலைமையகம். 1894ஆம் ஆண்டிலே பிக்கடிலி வீதியில் தனது முதல் தேநீர்ச்சாலையைத் திறந்த அக்கம்பெனி, சில பத்தாண்டுகளுள் இங்கிலாந்தின் நகரங்களில் இருநூறுக்கு மேற்பட்ட தேநீர்ச்சாலைகளை நடத்தும் நிலைக்கு உயர்ந்தது. வெதுப்பகங்கள், குளிர்களி ஆலை, தேயிலைப் பொதியிடும் ஆலை ஆகியனவும் அதற்குச் சொந்தமாயிருந்தன. எழுதுவினைஞரும் தட்டச்சாளரும் பகலுணவுக்கு நாடிச் சென்றது லயன்ஸ் தேநீர்ச்சாலையையே.

இத்தகைய வியாபாரத்தின் இயல்பை நேயர்கள் எளிதில் உணர்வர். ஒரு கோப்பைத் தேநீரில் நிற்கும் இலாபம் மிகச் சிறிது. அத்தகைய கோப்பைகள் கோடிக்கணக்கில் விற்கப்பட வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பதிவு, ஒவ்வொரு பதிவையும் சரிபார்க்க ஓர் எழுதுவினைஞர் என்று கணக்கு எழுதும் செலவு பெருகினால், இலாபம் முழுவதையும் அச்செலவே விழுங்கிவிடும். நமது ஊர்ச் சங்கக்கடையின் முகாமையாளர் அறிந்த துன்பந்தான் இது, அளவிலேதான் வேறுபாடு.

இத்துன்பத்தை ஒரு கணித வினாவாக நோக்கியவர் ஜோன் சிமன்ஸ் என்பவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கணிதத்தில் உயர்சிறப்புப் பெற்றுத் தேறிய அவர், 1923ஆம் ஆண்டில் லயன்ஸ் கம்பெனியிற் சேர்ந்தார். ஓர் அலுவலகத்தில் எந்தத் தாள் எவரிடமிருந்து எவருக்குச் செல்கின்றது, அஃது ஏன் செல்கின்றது, செல்லாவிடின் யாது கெடும் என்று ஆராய்வதற்கெனவே அவர் ஒரு பகுதியை அமைத்தார். கணினி என்னும் சொல் மனிதக் கணக்கரைக் குறித்த காலத்திலேயே இவ்வாராய்ச்சி தொடங்கிவிட்டது என்பது கருதற்பாலது. பின்னாளிற் கணினி வந்தபோது லயன்ஸ் கம்பெனியார் அதனைக் கண்டு மலைக்காமைக்குக் காரணம், தமது வேலை இன்னதென அவர்கள் முன்னரே அறிந்திருந்தமையே.

1947ஆம் ஆண்டில் தொம்சன், ஸ்ராண்டிங்போர்ட் என்னும் இரு அதிகாரிகள் போருக்குப் பிந்திய அலுவலக முறைகளைக் கண்டறியுமாறு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே மின்மூளை என்று பத்திரிகைகள் பேசிய புதிய இயந்திரங்களைப் பற்றி விசாரிக்கும் நோக்கமும் அவர்களுக்கு இருந்தது. பிரின்ஸ்ரனில் ஹேர்மன் கோல்ட்ஸ்ரைன் என்னும் கணிதப் பேராசான் அவர்களை வரவேற்றார். அவரே, இங்கிலாந்திலே, கேம்பிரிட்ஜிலே, அத்தகைய இயந்திரமொன்று அமைக்கப்படுகின்றதெனச் சொன்னார். தம் வீட்டுக்கு அருகே இருந்ததை அறியக் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது போலும்!

கேம்பிரிட்ஜில் மொரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் உருவாகிக்கொண்டிருந்த அவ்வியந்திரத்தின் பெயர் எட்சாக். பணமும் ஆளும் போதாமல் அவ்வேலை மெல்ல நடந்தது. லயன்ஸ் கம்பெனியார் 3,000 பவுணும், தம் தொழில்நுட்பவியலாளர் ஒருவரின் சேவையும் கொடுத்துதவினர். 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் தேதி எட்சாக் தனது முதற் கணக்கைச் செய்து முடித்தது. அச்செய்தி எட்டியதும், அதே அமைப்பைத் தழுவித் தமக்கென ஓர் இயந்திரத்தைத் தாமே கட்டுவதென லயன்ஸ் கம்பெனியார் முடிவு செய்தனர். அதற்கு இட்ட பெயர் லியோ. லயன்ஸ் மின்னணு அலுவலகம் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை.

பொறியியலாளராக ஜோன் பிங்கர்டன் என்னும் இளைஞர் நியமிக்கப்பட்டார். ஏறத்தாழ 6,000 வால்வுகள். நினைவகமாகப் பாதரசம் நிறைந்த நீண்ட குழாய்கள். அக்குழாய்களினூடே ஒலியலையாகச் சுற்றிக்கொண்டிருந்தவை 2,048 எண்கள். இன்று ஒரு சிறுவன் சட்டைப் பையிற் கொண்டு திரியும் கைத்தொலைபேசியின் முன் இந்நினைவகம் ஒரு துளியுமன்று. 1951ஆம் ஆண்டு பெப்ரவரியில் இளவரசி எலிசபெத் வந்து இதனைப் பார்வையிட்டார். அவ்வாண்டு நவம்பர் இறுதியில், வெதுப்பகங்களில் ஒரு வாரத்தில் உற்பத்தியான பாண், கேக் முதலியவற்றின் பெறுமதியைக் கணிக்கும் வேலையை லியோ முழுமையாகப் பொறுப்பேற்றது. வாரந்தோறும் தவறாது நடைபெற வேண்டிய வியாபாரக் கணக்கொன்றைக் கணினி ஏற்றது உலகில் அதுவே முதன்முறை என்பர்.

ஆயினும் லியோவின் உண்மையான பரீட்சை சம்பளக் கணக்கிலேதான் நிகழ்ந்தது. சம்பளக் கணக்கு எளிதென எண்ணுவோர் அதனை ஒருபோதும் எழுதியறியார். 12 பென்ஸ் ஒரு சிலிங். 20 சிலிங் ஒரு பவுண். மேலதிக நேர வேலைக்கு ஒரு வீதம், நோய்க்கால விடுமுறைக்கு வேறொரு வீதம். வருமானவரிக் கழிவு, காப்புறுதிக் கழிவு, கடன் கழிவு என்பன வேறு. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் அதனைத் தாங்குவது ஒரு தொழிலாளியின் குடும்பம். வெள்ளிக்கிழமை சம்பளத்தைத் திங்கட்கிழமை தருகிறோம் என்று எந்த இயந்திரமும் சொல்லமுடியாது.

இவ்விடத்தே டேவிட் கமினர் என்பவரின் பெயரைச் சொல்லல் வேண்டும். செய்நிரல் எழுதுவோரின் தலைவராயிருந்த அவர் கண்டிப்பு மிக்கவர். ஒருவர் எழுதிய செய்நிரலை மற்றொருவர் வரி வரியாகப் படித்துச் சரிபார்த்த பின்னரே இயந்திரத்தில் ஏற்றலாம் என்பது அவர் விதி. நமது பரீட்சைத் திணைக்களத்தில் ஒரு விடைத்தாளை இருவர் தனித்தனியே மதிப்பிடுவதற்கு இதனை ஒப்பிடலாம். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும், உட்சென்ற தொகையும் வெளிவந்த தொகையும் இணங்குகின்றனவா என்று காட்டும் இணக்கக் கணக்கொன்று செய்நிரலின் உள்ளேயே அமைக்கப்பட்டது. பிங்கர்டனும் தம் பங்கிற்கு, வேலை தொடங்குமுன் மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் நலிந்த வால்வுகளைக் கண்டறிந்து மாற்றும் வழக்கத்தை ஏற்படுத்தினார். வேலையின் நடுவே இயந்திரம் நின்றுவிடின் மீண்டும் தொடக்கத்திற்குச் செல்லாது இடையிலிருந்து தொடரவும் வழி செய்யப்பட்டது.

வேறொரு கம்பெனியிடமிருந்து பெற்ற காந்த நாடாக் கருவி ஒழுங்காக இயங்க மறுத்ததனால் மாதங்கள் பல வீணாயின. இறுதியில் அதனைக் கைவிட்டுத் துளையட்டையையும் துளையிட்ட காகித நாடாவையுமே அவர்கள் நாடினர். 1953ஆம் ஆண்டு முழுவதும் எழுதுவினைஞர் ஒருபுறமும் லியோ மறுபுறமும் ஒரே சம்பளத்தைக் கணித்துப் பார்க்கும் சோதனைகள் நடந்தன. அவ்வாண்டு டிசம்பர் 24ஆந் தேதி, நத்தாருக்கு முன்னாள், கட்பி ஹோல் வெதுப்பகத் தொழிலாளர் ஏறத்தாழ 1,700 பேரின் சம்பளத்தை லியோ தனித்துக் கணித்தது. தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவர் 8 நிமிடத்திற் செய்யும் ஒரு தொழிலாளியின் கணக்கை அது ஒன்றரை வினாடியிற் செய்தது. அச்செய்நிரலை ஆக்கியவர்களுள் மேரி கூம்ஸ் என்னும் பெண்மணியும் ஒருவர். 1952ஆம் ஆண்டில், கம்பெனி நடத்திய கடினமான தேர்வுப் பயிற்சியிற் சித்தியெய்தி அப்பணிக்கு வந்தவர் அவர். வணிகச் செய்நிரல் எழுதிய முதற் பெண் என அவரைப் போற்றுவர்.

இவ்வளவு வேகத்தைச் சொல்லி மகிழ்வோர், அதற்கு முந்திய தாமதத்தை மறந்துவிடுகின்றனர். நவம்பர் 1951 தொடக்கம் டிசம்பர் 1953 வரை ஈராண்டுகள், கையிலே ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டும், அதனை நம்பலாமா என்று ஒரு வியாபாரக் கம்பெனி பொறுத்திருந்தது. லியோவின் வரலாற்றிற் பெருமைக்குரிய பகுதி ஒன்றரை வினாடியன்று, அந்த ஈராண்டே.

அடுத்து வந்தது தேநீர்ச்சாலைகளுக்குப் பண்டம் அனுப்பும் வேலை. ஒவ்வொரு சாலைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வழக்கமான கட்டளை ஒன்று பதிவில் இருந்தது. சாலையின் தலைவி பிற்பகலில் தொலைபேசியில், நாளை இன்னது கூட, இன்னது குறைய என்று மாற்றங்களை மட்டும் சொல்வாள். கேட்டவர் அவற்றை உடனே அட்டையிற் துளையிடுவார். மாறாததை மீண்டும் மீண்டும் எழுதாது மாறியதை மட்டும் எழுதுக என்னும் இம்முறை, 1954ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் தேயிலைக் கலப்பு வேலையும் லியோவிடம் ஒப்படைக்கப்பட்டது. இலண்டன் மின்சிங் லேன் ஏலத்திற்கு இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தேயிலைப் பெட்டிகள் வந்து குவிந்த காலம் அது. எந்தக் களஞ்சியத்தில் எந்தத் தேயிலை எவ்வளவு உண்டு, எந்தக் கலப்புக்கு எது சென்றது என்ற கணக்கு லியோவின் பாதரசக் குழாய்களிலே சுழன்றது. மலைநாட்டிற் கொழுந்து பறித்த கைகள், அக்கொழுந்தின் நிறை இத்தகைய இயந்திரம் ஒன்றிற் பதியப்படும் என்று கனவிலும் கருதியிரா.

1954ஆம் ஆண்டில் லியோ கணினிக் கம்பெனி தனியே பதிவு செய்யப்பட்டது. வானிலைக் கணிப்பு, புகையிரத நிலையங்களுக்கிடையேயான தூரங்கள், வருமானவரி அட்டவணைகள், போர்ட் மோட்டார் ஆலையின் சம்பளம் எனப் பிறர் வேலைகளும் வந்தன. இரண்டாம் லியோ 1957இலும், மூன்றாம் லியோ 1960களின் தொடக்கத்திலும் வெளிவந்தன. மூன்றாம் லியோவிற் சிலவற்றைப் பிரித்தானியத் தபாற் பகுதியினர் தொலைபேசிக் கணக்குகளுக்காக வாங்கினர். அவற்றுட் கடைசி இயந்திரம் 1981ஆம் ஆண்டுவரை உழைத்தது. ஆனால் கணினித் தொழில் பெருமுதல் வேண்டும் தொழில். பணிஸ் விற்ற இலாபத்தில் அதனை நெடுங்காலம் நடத்த இயலவில்லை. 1963ஆம் ஆண்டில் லியோ இங்கிலிஷ் இலெக்ட்ரிக் கம்பெனியுடன் இணைந்தது. மறு ஆண்டில் லயன்ஸ் தனது பங்கை விற்றது. 1965ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் லியோ நிறுத்தப்பட்டது. 1968ஆம் ஆண்டில் மேலும் ஓர் இணைப்பு நிகழ்ந்து ஐ.சி.எல். என்னும் பெருங் கம்பெனி தோன்றியது. அப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்தல் நன்று.

கம்பெனி மறைந்தாலும் அங்குப் பழகியவர்கள் மறையவில்லை. அவர்களுள் ஒருவர் பிராங்க் லாண்ட். 1928ஆம் ஆண்டில் பேர்லினிற் பிறந்து, 1939ஆம் ஆண்டில் அகதியாக இங்கிலாந்து வந்து, 1952இல் லயன்ஸ் கம்பெனியிற் புகுந்தவர். 1967ஆம் ஆண்டில் இலண்டன் பொருளியற் கல்லூரி, முறைமைப் பகுப்பாய்வு என்னும் பாடத்தைக் கற்பிக்கவும் ஆராயவும் அவரை அழைத்தது. 1982ஆம் ஆண்டில் அவர் பேராசிரியரானார். கணிதத் துறையோ பொறியியற் துறையோ அன்றி, பொருளியலும் சமூகவியலும் பயிலும் ஒரு கல்லூரியிலே இப்பாடம் வேரூன்றியமை தற்செயலன்று. லியோவிலே அவர் கற்ற பாடம் வேலையைப் பற்றியது. வேலை மனிதரைப் பற்றியது.

அதே 1967ஆம் ஆண்டில் 'கணினியும் எழுதுவினைஞரும்' எனப் பொருள்படும் நூலொன்று வெளிவந்தது. அதனை எழுதியோர் ஈனிட் மம்போர்ட், ஒலிவ் பாங்ஸ் என்னும் இரு பெண்மணிகள். மம்போர்ட் விந்தையான ஆராய்ச்சியாளர். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளரை அறிவதற்காகச் சிற்றுண்டிச்சாலையில் வேலைக்கமர்ந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை அறிவதற்காகச் சுரங்கத்தினுள் இறங்கினார். இயந்திரத்தைப் பயன்படுத்தப் போகின்றவர்களே அதன் அமைப்பைத் தீர்மானிப்பதிற் பங்குபெற வேண்டும் என்பது அவர் கொள்கை. 1984ஆம் ஆண்டில் மான்செஸ்ரரில் இத்துறையினர் கூடி, ஆய்வுகூடத்துச் சோதனை முறை ஒன்றே ஆராய்ச்சியாகுமா, அன்றி மனிதரின் பேச்சையும் வழக்கத்தையும் அருகிருந்து நோக்குவதும் ஆராய்ச்சியாகுமா என்று வாதிட்டனர். அவ்வாதம் ஏட்டளவில் நின்றுவிட்ட பண்டிதர் வாதமென அக்காலத்திற் பலர் எண்ணியிருக்கலாம். அது மனித உயிரைத் தொடும் வாதமென்பது பின்னர் வெளிப்பட்டது.

ஐ.சி.எல். கம்பெனியின் பெரும் பங்கை 1990ஆம் ஆண்டில் ஜப்பானின் புஜிட்சு கம்பெனி வாங்கியது. ஐ.சி.எல். அமைத்துக் கொடுத்த ஹொரைசன் என்னும் கணினி முறைமையை 1999ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியத் தபாலகங்கள் ஏற்றன. அந்நாட்டிற் சிற்றூர்த் தபாலகம் பெரும்பாலும் ஒரு கடையின் மூலையிலே உப தபாலதிபர் ஒருவரால் நடத்தப்படுவது. கணக்கிற் பணம் குறைந்தால் அவரே அதனை ஈடுசெய்ய வேண்டும். ஹொரைசனோ, இல்லாத குறைவை உண்டென்று காட்டத் தொடங்கியது. எங்களிடம் பணம் குறையவில்லை, இயந்திரமே பிழைக்கின்றது என்று அவர்கள் முறையிட்டனர். தபாலக நிர்வாகம் இயந்திரத்தை நம்பியது, மனிதரை நம்பவில்லை. 1999 முதல் 2015 வரை 900க்கு மேற்பட்டோர் களவு, மோசடி, பொய்க் கணக்கு ஆகிய குற்றங்களுக்கு ஆளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் கடையையும் வீட்டையும் இழந்தனர். 2025ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான பகிரங்க விசாரணை அறிக்கையின் முதற் பாகம், இதன் விளைவாக 13 பேர் தம் உயிரை மாய்த்திருக்கக்கூடும் எனக் கூறுகின்றது.

அலன் பேற்ஸ் என்னும் முன்னாள் உப தபாலதிபரின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், 2019ஆம் ஆண்டு டிசம்பரில் நீதியரசர் பிறேசர் தீர்ப்பளித்தார். ஹொரைசனிற் பிழைகள் இருந்தன என்றும், கம்பெனியின் ஆட்கள் தொலைவிலிருந்தே ஒரு தபாலகத்தின் கணக்கை மாற்ற முடிந்தது என்றும் அவர் கண்டார். பிழையே இல்லையென்று நிர்வாகம் சாதித்ததை, பூமி தட்டையென்று சாதிப்பதற்கு ஒப்பிட்டார். 2021ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரை விடுவித்தது. 2024ஆம் ஆண்டு மே மாதத்திற் பாராளுமன்றம் தனிச்சட்டமியற்றி, மற்றும் பலரின் குற்றத்தீர்ப்புகளை ஒருங்கே நீக்கியது.

லியோவைக் கட்டியவர்கள் எவரும் ஹொரைசனைக் கட்டவில்லை. அவர்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே சென்றுவிட்டனர். பெயர்வழி வந்த உறவு மட்டுமே இரண்டிற்கும் உண்டு. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். லயன்ஸ் கம்பெனியில் எழுதுவினைஞரின் கணக்கு இயந்திரத்தின் கணக்கைச் சோதித்தது. ஹொரைசனில் இயந்திரத்தின் கணக்கைச் சோதிக்கும் வழி எதுவும் உப தபாலதிபரின் கையில் இருக்கவில்லை.

இதற்குச் சட்டமும் துணைநின்றது. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69ஆம் பிரிவு, கணினி தந்த சான்றை நீதிமன்றம் ஏற்குமுன் அக்கணினி ஒழுங்காக இயங்கியமை காட்டப்படல் வேண்டும் என விதித்திருந்தது. அது வீண் சுமையெனக் கருதப்பட்டு 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் நீக்கப்பட்டது. அதன் பின், மறுப்பவர் ஐயத்திற்குக் காரணம் காட்டினாலன்றிக் கணினி ஒழுங்காக இயங்கியதென்றே நீதிமன்றம் கொள்ளும் நிலை உண்டாயிற்று. ஹொரைசன் பரவத் தொடங்கிய அதே வேளையிலே இம்மாற்றமும் நிகழ்ந்தது!

இவ்வனுமானத்தை எதிர்த்து எழுதுவோர் இன்று கணினி அறிவியலாளரே. பீற்றர் லாட்கின், பெவ் லிற்றில்வூட், ஹரல்ட் திம்பிள்பி, மார்ட்டின் தோமஸ் என்னும் நால்வர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை குறிப்பிடத்தக்கது. பெரிய செய்நிரல் எதிலும் பிழைகள் மறைந்திருக்கவே செய்யும். ஆயிரம் முறை சரியாகக் கணித்த இயந்திரம் அடுத்த முறையும் சரியாகவே கணிக்கும் என்பதற்கு அந்த ஆயிரமும் உறுதியாகா. பயன்படுத்துவோர் கண்ணுக்கு அப்பிழை தெரியவேண்டுமென்ற நியதியும் இல்லை என்பன அவர்கள் வாதம். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானிய நீதி அமைச்சு இவ்வனுமானத்தை மாற்றுவதா என்று பொதுமக்களிடமும் அறிஞரிடமும் கருத்துக் கோரியது. அதே வேளையில் கேம்பிரிட்ஜிலுள்ள கணினி வரலாற்று நிலையத்தில், லியோவின் பழைய ஏடுகளும் அங்குப் பணியாற்றியோரின் நினைவுரைகளும் தொகுக்கப்பட்டு ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன. செய்நிரலை வரி வரியாகச் சரிபார்க்கப் பழகியவர்களின் கைவழக்கம் எவ்வாறிருந்தது என்று அறிய விரும்புவோர் இன்று அவற்றைப் புரட்டிப் பார்க்கின்றனர்.